யா

சாம்பல் நிற உறையில் வந்தது கேள்வி.
குடியுரிமை கிடைத்துப் பதினொரு மாதம்;
பர்க்டோர்ஃப் நகரம் முதல்முறையாக
என்னிடம் எதையோ கேட்கிறது:
புதிய பனி ஹாக்கி அரங்குக்கு
நகரத்தின் காசிலிருந்து
முப்பத்தொன்பது மில்லியன் பிராங் கொடுக்கச் சம்மதமா?
பதிலுக்கு ஒரு சின்னக் கட்டம்.
இங்கே புள்ளடி போடுவதில்லை.
கையால் எழுதவேண்டும்,
யா, அல்லது நைன்.

பழைய அரங்கை எனக்குத் தெரியும்.
ஆட்டம் முடிந்து சனம் விட்டுப்போகும் பியர்க் கோப்பைகளை
நானும் இரண்டு எரித்திரியப் பெண்களும் பொறுக்குகிறோம்.
ஒருமுறை கதிரைக்கு அடியில் ஒரு பல் கிடந்தது.
பனிவண்டி ஓட்டும் பெயாட்டிடம் காட்டினேன்.
உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"ஆடியவனுடையது இல்லை, பார்த்தவனுடையது."
மேல் வரிசையில் கூரை ஒழுகும்.
அங்கே ஒரு நீல வாளி.
அதை ஊற்றுவதும் என் சம்பளத்துக்குள்தான்.

கழகத் தலைவர் சௌக் மண்டபத்தில் பேசினார்.
அரங்கு ஊருக்காம், பெருமை ஊருக்காம்.
அவருக்குப் பதினாறு கிரேன்கள்;
எப்போதும் ஏதாவதொன்று எங்கள் தலைக்குமேல் சுழலும்.
கண்ணாடி அறைகளின் வாடகை கழகத்துக்கு.
கூரையும் குழாயும் முப்பது வருடக் குளிரும் எங்களுக்கு.
ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பக்கத்தில் இருந்தவர் ஏன் என்று கேட்டார்.
நெய்யை ஜெர்மனில் சொல்லலாம்,
அந்தக் கையை எப்படிச் சொல்வது?

ஆரபியின் பள்ளி நீச்சல்குளம் பூட்டி இரண்டு குளிர்காலம்.
சுவரோடு கழன்றுவிட்டதாம், திருத்தக் காசில்லையாம்.
எம்மே ஆற்றுப் பாலத்தில் அவள் இன்னும்
நடுவால்தான் நடக்கிறாள்.

நாங்கள் கோயில் கட்டியது எங்கள் காசில் என்று
எழும்பிச் சொல்ல நினைத்தேன்.
திருகாணிக் கிடங்கொன்றை வாடகைக்கு எடுத்து
ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாய் ஏறி.
யாரிடம் கேட்டோம் வரிப்பணம்?
பேந்து ஆடி மாதம் ஞாபகம் வந்தது.
தேர் போக நகரம் தெருவை அடைத்தது,
பஸ்ஸைத் திருப்பி விட்டது,
சிதறிய தேங்காயைக் கூட்ட இரண்டு வண்டி அனுப்பியது.
கட்டணச்சீட்டு இன்னும் வரவில்லை.
அந்தத் தெருவில் பெயாட்டின் வரியும் கிடக்கிறது;
அவர் தேரைக் கண்டதேயில்லை.
எழும்பியவள்
கோட்டைச் சரிசெய்வதுபோல் திரும்ப இருந்துவிட்டேன்.

யா.
பள்ளியில் படித்த பழந்தமிழில் அது கேள்வி: எவை?
நைன்.
அதற்குள் நைதல் இருக்கிறது, சட்டை முழங்கையில் நைவதுபோல.
ஒன்று கேள்வி, மற்றது கிழிசல்.
பதில் எந்த மொழியில் கிடக்கிறது?

ஞாயிறு, பெட்டி மூடப் பத்து நிமிடம்.
நகரமன்றச் சுவரில் சீட்டை வைத்தேன்.
குளிரில் பேனா மை கக்கவில்லை.
கக்கத்தில் வைத்துச் சூடாக்கி
நைன் என்று எழுதினேன்,
கடைசி எழுத்து சுவரின் சொரசொரப்பில் வளைந்தது.

மாலை ஆட்டம். இரண்டாம் பகுதியில் கோல்.
கோப்பைப் பையோடு நானும் எழும்பிக் கத்தினேனாம்,
எரித்திரியக்காரி சொல்லித்தான் தெரியும்.
இடைவேளையில் பெரிய பலகையில் முடிவு எரிந்தது.
நூற்றுப் பன்னிரண்டு வாக்குகளால் அரங்கு தோற்றது.
பெயாட் வண்டியைப் பனியின் நடுவில் நிறுத்திவிட்டு
இஞ்சினை அணைத்தார்.
புதன்கிழமைகளில் நாலு பிராங் கொடுத்து
விழுந்து விழுந்து எழும்பும் பிள்ளைகளுக்காகவும்
அவர்தான் அந்தப் பனியைத் தேய்க்கிறார்.
சௌக்கை நான் ஒரு புதன்கூடக் கண்டதில்லை.

"நூற்றுப் பன்னிரண்டு பேர்," என்றார் பிறகு,
"இரண்டு பஸ்ஸுக்குள் அடங்குவார்கள்."
நான் வாளியை ஊற்றிவிட்டு வந்தேன்.
வழக்கம்போலத் தன் சொசேஜில் பாதியை முறித்துத் தந்தார்.
நீ என்ன எழுதினாய், யா தானே,
என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
யா என்றிருப்பேன்.
பொய்யும் இல்லை.